தொப்புள் கொடி விழத் தாமதமானால்: பிடிக்கத் தெரிந்த செல்களைப் பற்றி ஒரு பாடம்

குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் வைத்து, அகீகா கொடுப்பது நம் குடும்பங்களில் வழக்கம். ஏறக்குறைய அந்த நாட்களில்தான் தொப்புள் கொடியும் காய்ந்து விழும். சில குழந்தைகளுக்கு ஐந்தாம் நாளே விழுந்துவிடும். சிலருக்குப் பதினைந்து நாள் ஆகும். விழுந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், கொடி விழுந்துவிட்டது" என்று பெத்தும்மா சொல்வார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் மிகச் சில குழந்தைகளுக்கு மூன்று வாரம், நான்கு வாரம் ஆகியும் கொடி விழுவதில்லை. பெரும்பாலும் இதற்குச் சாதாரணக் காரணமே இருக்கும். ஆயினும் லட்சக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு, உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு குறைபாட்டின் முதல் அடையாளமாக இது அமைந்துவிடுகிறது. உடலின் செல்கள் எப்படி நகர்கின்றன, எப்படிப் பிடித்து நிற்கின்றன என்ற ஆராய்ச்சியில் இந்த அடையாளத்துக்கு முக்கியமான இடம் உண்டு. இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களும், கைக்குழந்தையை இழந்த குடும்பங்களும் இதை அவசியம் படிக்க வேண்டும்.

கொடியை அறுப்பது யார்?

பிரசவ அறையில் மருத்துவர் கொடியை வெட்டிக் கிளிப் போடுகிறார். மிச்சமிருக்கும் துண்டு ரத்த ஓட்டம் இல்லாமல் காய்கிறது. ஆனால் காய்ந்தால் மட்டும் அது விழுந்துவிடாது. கொடியும் குழந்தையின் தோலும் சேரும் இடத்துக்கு வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அங்குள்ள இறந்த திசுவைக் கரைத்து, உயிருள்ள தோலிலிருந்து பிரித்துவிடுகின்றன. பிறந்த குழந்தையின் வெள்ளையணுக்கள் செய்து காட்டும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று.

இந்த வேலையைச் செய்பவை நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜையில் இவை உற்பத்தியாகின்றன. வளர்ந்த மனிதரின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்கள் புதிதாகப் பிறக்கின்றன. கிருமி எங்கே நுழைந்தாலும், தோல் எங்கே கிழிந்தாலும் முதலில் போய்ச் சேருபவை இவையே. காயத்தில் நாம் பார்க்கும் சீழ் என்பது பெரும்பாலும் போராடி இறந்த நியூட்ரோஃபில்களின் குவியல்தான்.

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் நுண்ணோக்கி வழியாக ஒரு சிறிய படம் எடுத்தார். அதில் சிவப்பணுக்களின் நடுவே ஒரு நியூட்ரோஃபில் ஒரு கிருமியைத் துரத்திப் போகிறது. கிருமி திரும்பினால் அதுவும் திரும்புகிறது. கடைசியில் பிடித்து விழுங்கிவிடுகிறது. மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் படத்தைப் பார்த்து வியக்கிறார்கள். கண் இல்லை, கால் இல்லை. இருந்தும் அந்தச் செல்லுக்கு வழி தெரிகிறது.

வெள்ளத்தில் போகிறவன் கரை ஏறுவது போல

வெள்ளையணு ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகிறது. காயமோ ரத்தக் குழாய்க்கு வெளியே இருக்கிறது. ஓடும் ரத்தத்திலிருந்து அது எப்படி வெளியே வரும்?

ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் ஒருவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் கரையோர நாணலைப் பிடிப்பார். அது கையோடு வந்துவிடும், அடுத்ததைப் பிடிப்பார். இப்படிப் பிடித்துப் பிடித்து வேகம் குறைந்ததும், ஒரு மரத்தின் வேரை இறுகப் பற்றுவார். பிறகுதான் கரை ஏறுவார். வெள்ளையணு செய்வதும் இதுவே.

கிருமி புகுந்த இடத்துக்கு அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் முளைக்கின்றன. இவைதான் நாணல். வெள்ளையணு இவற்றில் ஒட்டியும் விட்டும் உருண்டு வருகிறது. உருளும்போதே, "இங்கே ஆபத்து" என்று சுவர் தரும் ரசாயனச் செய்தி அதற்குக் கிடைக்கிறது. உடனே வெள்ளையணுவின் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் என்ற புரதங்கள் நிமிர்ந்து, சுவரை இறுகப் பற்றுகின்றன. இதுதான் வேர். ஓடிக்கொண்டிருந்த அணு அசையாமல் நின்றுவிடுகிறது. அதன் பிறகு உடலைத் தட்டையாக்கி, சுவரின் இரண்டு செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறுகிறது.

வெளியே வந்தபின் அது ஊர்ந்து போகிறது. செல்லின் உள்ளே ஆக்டின் என்ற இழைகள் முன்பக்கம் வளர்ந்து தோலை முன்னே தள்ளுகின்றன. தள்ளிய முனை தரையைப் பற்றுகிறது. பின்பக்கம் சுருங்கி, பழைய பிடியை விடுகிறது. மறுபடி முன்னே தள்ளுகிறது. இப்படி ஒரு நிமிடத்தில் சுமார் 10 மைக்ரான் தூரம் போகும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நமக்கு அது ஊசிமுனைத் தூரம். அந்த அணுவுக்கு அதன் உடல் நீளத்தைப் போல ஏறக்குறைய எண்பது மடங்கு.

பிடிப்பதைப் போலவே விடுவதும் முக்கியம். பிடிக்கவே தெரியாத செல் ரத்தத்தோடு போய்விடும். விடத் தெரியாத செல் ஓரிடத்திலேயே ஒட்டிக்கிடக்கும். தேவையில்லாத இடத்தில் வெள்ளையணுக்கள் கூட்டமாகப் பற்றினால் அதுவும் நோய்தான். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய்க்கு இப்போது தரப்படும் வெடோலிசுமாப் என்ற ஊசி, குடலை நோக்கி வரும் வெள்ளையணுக்களின் ஒரு வகை இன்டெக்ரினை மறித்தே வேலை செய்கிறது. மாரடைப்பு நோயாளிகளில் சிலருக்குத் தரப்படும் டைரோஃபிபான் என்ற மருந்து, ரத்தத் தட்டணுக்களின் இன்டெக்ரினை மறித்து ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. இந்தப் புரதங்களை ஆராய்ந்து அறிந்ததால் கிடைத்த பலன்கள் இவை.

விழாத கொடி சொல்லிக் கொடுத்த பாடம்

1979ல் லண்டன் குழந்தை மருத்துவர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில குழந்தைகளுக்குத் தொப்புள் கொடி விழத் தாமதமாகிறது. உடலெங்கும் கிருமித் தொற்று வருகிறது. அவர்களுடைய நியூட்ரோஃபில்கள் சரியாக நகர்வதில்லை. மூன்றையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள், இப்படிப்பட்ட ஒரு குழந்தையின் வெள்ளையணுக்கள் பரப்பில் ஒட்டுவதே இல்லை என்று காட்டினார்கள். 1980களில் காரணம் தெரியவந்தது. அந்த வெள்ளையணுக்களில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த இன்டெக்ரின்கள் இல்லை. அவற்றுக்குப் பொதுவான சி.டி.18 என்ற பாகத்தை உண்டாக்கும் மரபணு பழுதாகியிருந்தது. அந்த மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

இந்த நோய்க்கு வெள்ளையணு ஒட்டுதல் குறைபாடு என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக எல்.ஏ.டி. என்பார்கள். செல்களின் பிடிமானப் புரதங்களான இன்டெக்ரின்களைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாட்டி, திமோதி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த நோயில் இரண்டாவது வகை ஒன்றும் உண்டு. அது இன்னும் அரிது. 1992ல் இஸ்ரேலில் இரண்டு அரபுச் சிறுவர்களிடம் அது முதலில் கண்டறியப்பட்டது. அங்கே வேர் இருக்கிறது. நாணலைப் பிடிக்கும் கைதான் இல்லை. ஃபூகோஸ் என்ற ஒரு சர்க்கரையை உடல் சரியாகப் பயன்படுத்தாததால், செலக்டினில் ஒட்டும் பகுதி உருவாவதில்லை. இந்தக் குழந்தைகளின் ரத்தம், 1952ல் மும்பையில் கண்டுபிடிக்கப்பட்ட பாம்பே குரூப் வகையாக இருந்தது. ஏனென்றால் சாதாரண ரத்த வகைகளின் அடிப்படைக்கும் அதே சர்க்கரை வேண்டும். அவர்களில் சிலருக்கு ஃபூகோஸை வாய்வழி கொடுத்ததிலேயே நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பாம்பே குரூப் உள்ள எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மற்ற பாம்பே குரூப்காரர்கள் ஆரோக்கியமானவர்களே.

சீழ் இல்லை என்பது நல்ல செய்தி அல்ல

எல்.ஏ.டி. முதல் வகை, பத்து லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் என்று கணக்கிடுகிறார்கள். நோய் அரிதானது. ஆனால் வந்த வீட்டுக்கு அது பெரிய சோதனை.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கிருமி தாக்கிய இடத்தில் சீழ் வைக்காது. "புண் சுத்தமாகத்தானே இருக்கிறது, சீழ் இல்லையே" என்று வீட்டில் ஆறுதல் கொள்வார்கள். உண்மையில் சீழ் இல்லாததற்குக் காரணம், போராட வேண்டிய வெள்ளையணுக்கள் அங்கே வந்து சேராததுதான். அவை எங்கே? ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கை மிக அதிகமாக வரும். வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். பிறந்த குழந்தைக்குச் சில நாட்கள் இயல்பாகவே கூடுதலாக இருந்து பிறகு குறையும். இந்த நோயுள்ள குழந்தைக்குக் குறையாமலே இருக்கும். தொற்று வந்தால் ஒரு லட்சம் வரைகூட ஏறும். "இவ்வளவு படைவீரர்கள் இருக்கிறார்களே" என்று தோன்றும். ஆனால் அத்தனை பேரும் நெடுஞ்சாலையில் வண்டியில் போய்க்கொண்டே இருக்கிறார்கள், இறங்கத்தான் முடியவில்லை.

நோயின் கடுமை, அந்த இன்டெக்ரின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண அளவில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் கடுமையான வகை. எலும்பு மஜ்ஜை மாற்று நடக்காவிட்டால், இவர்களில் பெரும்பாலோர் சிறு வயதைத் தாண்டுவதில்லை. 2 முதல் 30 சதவீதம் இருந்தால் பெரியவர்களாகவும் வளர்கிறார்கள். ஆனால் தோல் புண், ஆறாத காயம், பல் ஈறு நோய் ஆகியவை தொடரும்.

புதிய ஆராய்ச்சி தந்த நம்பிக்கை

இந்தக் குழந்தைகளுக்கு ஈறும் தாடை எலும்பும் ஏன் இவ்வளவு சேதமாகின்றன? வெள்ளையணு வராததால் கிருமி பெருகுகிறது என்றே நெடுநாள் நினைத்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள். நியூட்ரோஃபில் திசுவுக்குள் வந்து சேர்ந்தால்தான், "ஆள் வந்தாயிற்று, போதும்" என்று உடல் தன் அபாய மணியை நிறுத்துகிறது. அவை வராததால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஓயாத அழற்சியே ஈறையும் எலும்பையும் தின்றுவிடுகிறது. அந்த அபாயச் செய்தியை மறிக்கும் உஸ்டெகினுமாப் என்ற மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுத்தபோது, ஈறின் வீக்கம் தணிந்தது. பல காலமாக ஆறாதிருந்த முதுகுப் புண்ணும் ஆறியது. 2017ல் இது வெளியானது.

இன்னும் பெரிய செய்தி மரபணு சிகிச்சை. குழந்தையின் சொந்த மூலச் செல்களை எடுத்து, ஆபத்தில்லாதபடி மாற்றிய ஒரு வைரஸின் வழியாக நல்ல மரபணுவை அவற்றில் சேர்த்து, மறுபடி அதே குழந்தைக்கு ஏற்றுகிறார்கள். சொந்தச் செல் என்பதால் பொருத்தமான கொடையாளரைத் தேட வேண்டியதில்லை. கடுமையான நோயுள்ள 9 குழந்தைகளுக்கு அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் நாடுகளில் இந்தச் சிகிச்சை பரிசோதனையாக அளிக்கப்பட்டது. 2025ல் வெளியான முடிவின்படி 9 குழந்தைகளும் உயிரோடு இருந்தார்கள். யாருக்கும் மஜ்ஜை மாற்று தேவைப்படவில்லை. கடுமையான தொற்றுகள் பெரிதும் குறைந்தன. எல்லாச் செல்களும் திருந்த வேண்டியதில்லை, ஒரு பங்கு திருந்தினாலே குழந்தை பிழைக்கும் என்பதையும் இது காட்டியது.

நம் குடும்பங்களுக்கு இது எட்டுவதற்குக் காலம் ஆகலாம். ஆனால் மஜ்ஜை மாற்று சிகிச்சை நம் அருகிலேயே உண்டு. வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகவே மஜ்ஜை மாற்று நடக்கிறது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தொற்று முற்றுமுன் செய்தால் பலன் அதிகம். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

மருமகள் மேல் பழி போடாதீர்கள்

இந்தக் குறைபாடு வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். ஒரு பழுதும் ஒரு நல்லதும் உள்ளவர் ஆரோக்கியமாகவே இருப்பார்; தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமக்க 50 சதவீதம். முழுவதும் விடுபட 25 சதவீதம்.

அண்ணன் தங்கை பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள் ஆகியோருக்குப் பொதுவான பாட்டன் பாட்டி உண்டு. அவர்களுடைய மரபணுக்களில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஒன்றாக இருக்கும். அதனால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்புக் கூடுகிறது. இது நம் சமுதாயத்தின் வழக்கம் மட்டும் அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில்தான் நடந்திருக்கின்றன.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில், பெரும்பாலும் பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களும் வெள்ளையர்களும் கலந்து வாழும் இடத்தில், 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். 2013ல் வந்த முடிவு இது: பிறவிக் குறைபாடு பொதுவாக நூற்றில் 3 குழந்தைகளுக்கு என்றால், பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்தபோது 6 குழந்தைகளுக்கு. அதாவது ஆபத்து இரட்டிப்பாகிறது. அப்படியிருந்தும் நூற்றில் 94 குழந்தைகளுக்கு அத்தகைய குறைபாடு இல்லை. ஆகவே பயமுறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. குழந்தை இறந்தால் சில வீடுகளில் "மருமகள் வந்த நேரம்", "இவள் கர்ப்பத்தில் ஒழுங்காக இருக்கவில்லை" என்ற பேச்சு எழுகிறது. இந்த நோய்க்கு அந்தப் பெண் சாப்பிட்டதோ நடந்ததோ காரணம் அல்ல. மரபணுவில் பாதி வாப்பாவிடமிருந்தும் வந்ததுதான். குழந்தையை இழந்த தாயிடம் இன்னொரு சுமையை ஏற்றுவது அநியாயம்.

நாம் செய்ய வேண்டியவை

தொப்புள் கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருங்கள். மஞ்சள், எண்ணெய், வசம்புக் கரி, சாம்பல் எதுவும் வேண்டாம். டயப்பரை அதற்குக் கீழே மடித்து விடுங்கள். மருத்துவர் சொல்லாமல் கிருமிநாசினி போட வேண்டாம். அதனாலும் கொடி விழத் தாமதமாகும். சிசேரியன் குழந்தைகளுக்கும் சற்றுத் தாமதமாகலாம். விழாத கொடியைக் கையால் இழுக்கக் கூடாது.

மூன்று வாரம் தாண்டியும் விழாவிட்டால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், கெட்ட வாடை, நீர் வடிதல், காய்ச்சல், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம்; அன்றே போங்கள்.

குழந்தைக்கு அடிக்கடி தோல் புண், சீழ் வைக்காத புண், ஆற மறுக்கும் காயம், பால் பல் வந்த காலத்திலேயே ஈறு வீங்கிப் பல் ஆடுவது ஆகியவை இருந்தால், ரத்தத்தின் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை நலமாக இருக்கும் நாளிலும் அது அதிகமாகவே இருந்தால், சி.டி.18 பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையில் சிறிதளவு ரத்தத்தைக் கொண்டே இதைப் பார்க்கலாம். மும்பையிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் போன்ற இடங்களில் இந்தப் பரிசோதனை நடக்கிறது. பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு ஃபைலில் வையுங்கள். மருத்துவருக்கு அவை பெரிய உதவி.

குடும்பத்தில் முன்பு ஒரு கைக்குழந்தை தொற்றில் இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததும் கொடி ரத்தத்திலேயே பரிசோதித்துக்கொள்ள முடியும். சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது, இரு வீட்டிலும் இப்படி நடந்ததுண்டா என்று பெரியவர்கள் மனம் விட்டுப் பேச வேண்டும். இருந்தால் மரபணு ஆலோசனை பெறலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மஜ்ஜை மாற்றால் குணமாகக்கூடிய சில பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகள் 2021ன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இடம்பெற்றிருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற அதில் வழி உண்டு. உங்கள் குழந்தையின் நோய் அதில் வருமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். விண்ணப்பம் எழுத உதவி தேவையென்றால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு குழந்தையின் கொடி விழும்போது, அந்தச் சின்னஞ்சிறு செல்கள் ஓடும் ரத்தத்தில் பிடித்து நின்று, இறங்கி, ஊர்ந்து வந்து தம் வேலையை முடித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். விழாமல் நின்றால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். இந்தப் பாடத்தை உங்கள் வீட்டில் கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கும், பிரசவம் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.